செருப்புக்கு ஜாதகம் கணிப்பவர்களுக்கு

பெறுநர்: ஐரோப்பிய ஆணையம், சுற்றுச்சூழல் இயக்ககம், பிரஸ்ஸல்ஸ்.
அனுப்புநர்: செருப்புப் போடுகிற ஒருத்தன், கோயமுத்தூர்.



துணிமணிக்கும் காலணிக்கும் நீங்க வகுத்த சுற்றுச்சூழல் கணக்கு விதிகளைப் பார்த்தேன். கரி, தண்ணீர், நிலம், நச்சு என்று 16 தலைப்பு. மாட்டுத் தோலில் தொடங்கிக் குப்பைமேடு வரைக்கும் செருப்பை விடாமல் துரத்துறீங்க. எங்க ஊர் ஜோசியர்கூட இத்தனை கட்டம் போடமாட்டார். சில கட்டங்களை என்னால் நிரப்ப முடியலை. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

தோல் பதனிடும் கட்டத்துக்கு ஈரோட்டுக்கு வாங்க. தோல் பட்டறை, சாயப்பட்டறைக் கழிவெல்லாம் 13ஆம் நூற்றாண்டுக் காலிங்கராயன் வாய்க்காலில் கலந்தது. அதைக் காப்பாத்தப் பக்கத்திலேயே கழிவுக்கென்று ஒரு 'பேபி' வாய்க்கால் வெட்டினாங்க. தண்ணீர்க் கணக்கில் தாயை எழுதட்டுமா, பிள்ளையை எழுதட்டுமா?

கடைசிக் கட்டம் இன்னும் சிக்கல். இங்கே செருப்பு லேசில் சாகாதுங்க. வார் பிஞ்சா அடியில் ஊக்கைக் குத்தி ஓட்டுவோம். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குடை விரிச்சு உட்கார்ந்திருப்பவர் நாலு தையல் போட்டா அடுத்த தீபாவளி வரைக்கும் கவலையில்லை. அதுக்கும் மேலே தேஞ்சா, பிள்ளைங்க வட்டமா வெட்டி வண்டிச் சக்கரமாக்கிடுவாங்க. மிஞ்சின ஒத்தைச் செருப்பு, நாமக்கல் லாரிக்குப் பின்னாடி திருஷ்டிக்குத் தொங்கிக்கிட்டு வடநாடு போயிட்டு வரும். அதைப் போக்குவரத்தில் சேர்ப்பதா, கழிவில் சேர்ப்பதா? நிபுணர் குழு கூடித்தான் சொல்லணும்.

2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒரு ஜோடி ஓட்டக் காலணியைப் பிரிச்சுப் பார்த்தாங்க. 65 பாகம், 360க்கும் மேலான வேலை, சுமார் 14 கிலோ கரியமில வாயு. மூன்றில் இரண்டு பங்கு தொழிற்சாலையிலேயே முடிஞ்சுபோகுது. காலில் மாட்டி நடக்கும் கட்டத்தில் கணக்கு வைக்கும்படி ஒன்றுமே இல்லையாம்.

எங்க பக்கம் அதுதானுங்க பெரிய கட்டம். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூர். அங்கே 300 மீட்டர் நீளத்தில் ஒரு தெரு. தலித் மக்கள் அதில் செருப்போடு நடக்கக் கூடாது என்று ஒரு தடை இருந்தது. தெருவுக்கடியில் மந்திரப் பொம்மை புதைச்சிருக்கு, மீறி நடந்தா மூணு மாசத்தில் சாவு என்று ஒரு கதையும் உலவியது. செருப்புத் தேய்மானத்தைத் தடுக்க இவ்வளவு மலிவான தொழில்நுட்பம் உலகத்திலேயே கிடையாது. மின்சாரம் வேண்டாம், ரசாயனம் வேண்டாம், சாதி ஒண்ணு போதும். தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்துக் கொடுத்த அருந்ததியருக்குத்தான் கொங்கு நாட்டில் இந்தச் சலுகையை அள்ளி வழங்கினோம்.

2023 டிசம்பரில் சுமார் 60 பேர் ஒண்ணாச் சேர்ந்து அந்தத் தெருவில் செருப்போடு நடந்துட்டாங்க. தேய்மானம் கூடியிருக்கும், உங்க அட்டவணையில் திருத்திக்கங்க.

பதினேழாவது தலைப்பு ஒண்ணு சேர்க்கிற உத்தேசம் இருந்தால் அளவெடுக்க ஆள் அனுப்புங்க. அவர் பூட்ஸோடயே வரலாமுங்க. எந்தத் தெருவிலும் அவரைக் கழற்றச் சொல்லமாட்டோம்.