பயமில்லாமல் கடலடியில் மூச்சுவிடுவது எப்படி?

பயப்படுவதற்கு வெட்கப்படாதீர்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களே, சுறாவின் வாயைக் கட்டும் ‘கடல்கட்டி’ என்ற மந்திரவாதி மந்திரம் ஓதினால்தான் தண்ணீரில் இறங்கினார்கள். அந்த மந்திரவாதிக்குப் பிரிட்டிஷ் அரசே கூலி கொடுத்தது. அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங் போனால், இன்று அந்த மந்திரத்தின் இடத்தில் ஒரு படிவம் இருக்கிறது. ‘என்ன நடந்தாலும் நானே பொறுப்பு’ என்ற பக்கத்தைப் படித்தால் பயம் கூடும். படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்தான் அதிகம். வீசிங், சளி, காது பற்றிய கேள்விகளில் மட்டும் வீரம் காட்ட வேண்டாம். மூக்கடைப்போடு இறங்கினால் காது பழிவாங்கும்.

அடுத்தது, ‘ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால்?’ என்ற கவலை. தீரவே தீராது, சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜனே இல்லை. நாம் தெருவில் சுவாசிக்கும் அதே காற்று, 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. அதுவும் தீருமே என்பீர்கள். அதற்குத்தான் மீட்டர். முள் 50-ஐத் தொடும்போது மேலே வந்திருக்க வேண்டும். முதல் தடவை இறங்குபவருக்கு இன்ஸ்ட்ரக்டரே அதைப் பார்த்துக்கொள்வார், உங்கள் முதுகுச் சிலிண்டரை விடாமல் பிடித்தபடி.

பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள், காது வலிப்பதற்கு முன்பே. வலித்த பிறகு முக்கி ஊதுவது நம் வழக்கம். அதைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். கிணற்றில் மூச்சடக்கிப் பேர் வாங்கியவர்கள் அந்தப் பெருமையையும் விட வேண்டும். அந்த ஆழத்தில் நிரப்பிய நுரையீரலோடு மூச்சை அடக்கி மேலே வந்தால், உள்ளிருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலுக்கு அவ்வளவு தாராள மனசு கிடையாது.

உண்மையில் பலரைக் கலவரப்படுத்துவது சுறா அல்ல, மூக்கில் படும் தண்ணீர். இதற்கு வீட்டிலேயே மருந்து உண்டு. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, மாஸ்க் இல்லாமல் முகத்தை அமிழ்த்தி, ஸ்நார்க்கெல் குழாய் வழியே வாயால் மட்டும் மூச்சுவிட்டுப் பழகுங்கள். பக்கத்தில் ஆள் இருப்பது நல்லது. முதல் நாள் வீட்டார் பதறுவார்கள். அடுத்த வாரம் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்பார்கள். மூக்கு அடங்கிவிட்டால், கடலில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தாலும் பதற்றம் வராது. மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, அண்ணாந்து பார்த்து, மூக்கால் ஊதினால் போதும். தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும்.

பவளப்பாறையைக் கண்ட பரவசத்தில் கட்டைவிரலை உயர்த்தாதீர்கள். நீருக்கடியில் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். இன்ஸ்ட்ரக்டர் கடமை தவறாமல் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கட்டணம் திரும்பி வராது. சுகமாக இருந்தால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுங்கள்.

ஊர் திரும்பியதும் பார்த்த மீனின் அளவைக் கேட்பார்கள். மாஸ்க் வழியே பார்த்தால் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத்தான் தெரியும். ஆகவே முழங்கை நீளக் களவா மீனை ஆள் உயரத்துக்குச் சொல்பவர் பொய் சொல்வது மீதி நீளத்துக்கு மட்டும்தான்.