போதிதர்மருக்கு ஒரு ராத்திரி வாடகை

எங்கள் தெருவுக்குக் குங்ஃபூ சைக்கிள் கேரியரில் வந்தது. போர்வை சுற்றிய வீடியோ டெக், அதன்மேல் கயிறு போட்டுக் கட்டிய கலர் டிவி, ஹேண்டில்பாரில் மஞ்சப்பை, பைக்குள் மூன்று கேசட். டிவி சாயாமல் தாங்கிப் பிடித்தபடி பின்னால் ஓடிவர நாங்கள் ஏழெட்டுப் பேர். சாமி புறப்பாட்டுக்குக்கூட அத்தனை பயபக்தியோடு நாங்கள் போனதில்லை.

நாட்டுக்குக் கலர் டிவி வந்தது 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி. செங்கல்பட்டு வீடியோ கடைக்கு அது வந்துசேர இன்னும் சில வருடம் பிடித்தது. ஆனால் ஆசிய விளையாட்டு என்பதற்கு நாங்கள் வைத்திருந்த பொருளே வேறு. ஆசியாவில் ஒருவனை ஒருவன் எப்படியெல்லாம் உதைக்கிறான் என்பதுதான் அது.

முதல் கேசட் பாட்டிக்காகச் சாமி படம். இரண்டாவது அத்தைக்காக ரஜினி படம். எல்லாரும் தூங்கி விழுந்த பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு, மூன்றாவது கேசட். அது எங்களுடையது.

சீனாவில் போதிதர்மர் ஒன்பது வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று ஒரு கதை உண்டு. நடுவில் கண் அசந்துவிட்டாராம். கோபத்தில் இமைகளை அறுத்து வீசினாராம். அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்ததாம். எங்கள் மாமா இந்த மூன்று காரியத்தையும் ஒரே ராத்திரியில் முடித்தார்: சுவரோரம் வைத்த டிவியைப் பார்த்து உட்கார்ந்தார், இமைக்கவில்லை, அத்தையை எழுப்பி டீ போடச் சொன்னார்.

டீ வந்ததும் சொற்பொழிவு தொடங்கும். "டேய், இதெல்லாம் நம்ம சரக்குடா. காஞ்சிபுரத்து ராஜா வீட்டு மூணாவது பையன் மாமல்லபுரத்துல கப்பலேறிப் போய்ச் சொல்லிக்குடுத்தது."

"நம்ம சரக்குக்கு நாம ஏன் மாமா வாடகை குடுக்கறோம்?"

"பேசாம படத்தைப் பாரு."

படத்தைப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. சிங்கப்பூரிலிருந்து பர்மா பஜாருக்கு வந்த ஒரு கேசட்டிலிருந்து ஒரு காப்பி, அந்தக் காப்பியிலிருந்து இன்னொரு காப்பி என்று இறங்கி இறங்கி, செங்கல்பட்டுக்கு வரும்போது கதாநாயகனுக்கு மூக்கு இருக்காது. போதாததற்கு நாடாவில் பூஞ்சை. டிராக்கிங்கை எப்படித் திருப்பினாலும் திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. சீனாவில் வருடம் முழுக்கப் பனி பெய்யும் என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சிக்கல் ஆள். 1973 ஜூலை 20ஆம் தேதி புரூஸ் லீ இறந்துபோனார். ஹாங்காங் தயாரிப்பாளர்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. புரூஸ் லி என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். புரூஸ் லே என்று ஒருவரை. டிராகன் லீ என்று இன்னொருவரை. குறில் நெடிலைத் தமிழய்யா ஏன் பிரம்போடு நின்று நடத்தினார் என்று அப்போதுதான் புரிந்தது. கேசட்டின் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் 'புருஸ்லி' என்று எழுதியிருக்கும். எழுத்துப்பிழையா, ஆள்மாறாட்டமா என்பது டெக்கில் போட்டால்தான் தெரியும். அசல் லீயின் படமென்று வாங்கிவந்த 'கேம் ஆஃப் டெத்'திலும் (1978) பாதிக்குமேல் வேறு ஆள். ஒரு காட்சியில் கண்ணாடியில் லீயின் முகத்தை அட்டையில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அவருடைய நிஜமான இறுதிச்சடங்கையும் படத்திலேயே சேர்த்துவிட்டார்கள். செத்தும் கொடுத்த சீதக்காதி நம் பக்கத்து ஆள் என்று நாம்தான் பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது சிக்கல் பாஷை. கீழே ஓடும் எழுத்தில் பாதி திரைக்கு வெளியே. எனவே மாமா மொழிபெயர்த்தார். எந்தப் படமானாலும் ஒரே மொழிபெயர்ப்புதான்: "அப்பாவை அடிச்சிட்டானுங்க. பையன் வித்தை கத்துக்கப் போறான். வந்து திருப்பி அடிப்பான்." ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அந்த மூன்று வரி எங்கள் ஊர் வரலாற்றுக்கும் அப்படியே பொருந்தும். சாளுக்கிய ராஜா இரண்டாம் புலிகேசி, பல்லவ ராஜா மகேந்திரவர்மனை அடித்தான். மகேந்திரனின் பையன் நரசிம்மவர்மன் 642இல் வாதாபிக்கே போய்த் திருப்பி அடித்தான். பையனுக்கு மாமல்லன் என்று பட்டம். பெரிய மல்யுத்தக்காரன் என்று பொருள். இப்படி ஒரு ஸ்டண்ட் மாஸ்டர் பெயரை வைத்துக்கொண்டு கோயிலும் கடலுமாக ஒன்றும் தெரியாதமாதிரி உட்கார்ந்திருக்கிறது மாமல்லபுரம். அவன் ஆட்சியில், 640 வாக்கில், காஞ்சிக்கு வந்துபோனவர் சீனத் துறவி யுவான் சுவாங். அவருடைய பயணத்தில் ஒரு சண்டைக்காரக் குரங்கைக் கோத்துச் சீனர்கள் கதையாக்க, ஹாங்காங்காரர்கள் அதைச் சலிக்கச் சலிக்கப் படமெடுத்தார்கள்.

எல்லாம் நம்ம சரக்கு என்பதற்கு மாமாவின் கையில் இதைவிடப் பெரிய ஆதாரம் இருந்தது. 1978இல் ஜாக்கி சான் நடித்து வந்த படம், 'கழுகின் நிழலில் பாம்பு' என்று பெயர். பாம்பு முறைச் சண்டைக்காரர்களைக் கழுகு முறைக்காரன் தீர்த்துக்கட்டிக்கொண்டே வருவான். கதாநாயகன், நாகத்தை அடித்துக் கொல்லும் பூனையைப் பார்த்துப் புது வித்தை கற்று அவனைச் சாய்ப்பான். விடிந்ததும் மாமா எங்களைப் பஸ்ஸில் ஏற்றினார்.

"திருக்கழுக்குன்றம். கழுகு எங்க வந்து பொங்கல் சாப்புடுது? இங்க. சரியா? வடநெம்மேலி முதலைப் பண்ணை. இருளருங்க பாம்பு புடிச்சு விஷம் எடுக்கறது எங்க? அங்க. சரியா?" இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் அதே 1978தான் என்பது மாமாவுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் ஜாக்கி சான்மேல் வழக்குப் போட்டிருப்பார். கடைசியாக அர்ச்சுனன் தபசுப் பாறை முன்னால் நிறுத்தி, கீழே கைகாட்டினார். பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனை, சுற்றிலும் எலிகள். "பூனை! போதுமாடா?"

போதும் என்றோம். பசித்தது.

மகிடாசுரமர்த்தினி குகையில் மட்டும் மாமா பேசவில்லை. சிங்கத்தின்மேல் வில்லோடு துர்க்கை. எதிரே தண்டாயுதத்தோடு எருமைத்தலையன், அடிக்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் உடம்பைப் பின்னால் சாய்த்தபடி. அடுத்த உதை விழப்போகும் நொடி. எங்கள் டெக்கில் பாஸ் பட்டனை அமுக்கினால் படம் வெடவெடவென்று நடுங்கும். பல்லவன் அமுக்கிய பாஸ் ஆயிரத்து முந்நூறு வருடமாக ஆடாமல் நிற்கிறது.

பிறகு விசிடி வந்து டெக்கைத் தின்றது. சாராய வியாபாரிகளையும் ரவுடிகளையும் உள்ளே வைப்பதற்காக 1982இல் போட்ட குண்டர் சட்டத்தில், 2004இல் திருட்டு வீடியோக்காரர்களும் சேர்ந்தார்கள். மாமா தன் அலமாரியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அன்று மாலையே கேசட்டெல்லாம் பரணுக்குப் போயின.

2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கே மாமல்லபுரத்துக்கு வந்தார். வேட்டி கட்டிய மோடி அவரை அர்ச்சுனன் தபசு முன்னால் கூட்டிப்போனார். வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். கெடுபிடி காரணமாக நாங்கள் வழக்கம்போல் சீனாவை டிவியில்தான் பார்த்தோம். பூனையைக் காட்டினார்களா என்பதே மாமாவின் கவலை. மறுமாதம் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. மாமல்லபுரம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. "அப்போ போதிதர்மர் கப்பலேறினது செங்கல்பட்டு மாவட்டம்" என்று மாமா அவருக்கு முகவரி மாற்றிக் கொடுத்தார்.

வீடியோ கடையில் ஒரு விதி உண்டு: கேசட்டை முழுக்கப் பின்னால் சுற்றித்தான் திருப்பித் தரவேண்டும். மாமா ஒருநாளும் சுற்றியதில்லை. அவர் சுற்றாத ஒன்றை, போதிதர்மர் கதையை, போன வாரம் நான் சுற்றிப் பார்த்தேன். 2011இல் 'ஏழாம் அறிவு', சூர்யா. அதற்குப் பின்னால் 1624 வாக்கில் 'யிஜின் ஜிங்' என்ற உடற்பயிற்சி நூல். ஷாவோலின் வித்தையைப் போதிதர்மர் தலையில் கட்டியது அதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள், அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் கழித்து. இன்னும் பின்னால் தான்லின் என்ற துறவி: தென்னிந்திய ராஜாவின் மூன்றாவது மகன் என்கிறார்; காஞ்சி என்ற பேச்சில்லை. இன்னும் சுற்றினால் 547இல் யாங் சுவான்சி என்பவர் லோயாங் நகரத்து மடங்களைப் பற்றி எழுதியது. அதில் போதிதர்மர் பாரசீகத்துக்காரர். அதற்கப்பால் வெறும் புள்ளியும் இரைச்சலும்.

மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் இரைச்சல்தான்.

"அது எந்த பிரிண்ட்டுடா?" என்றார்.

"இருக்கறதுலயே பழசு மாமா."

"பழசுன்னா கேமரா பிரிண்ட்டாத்தான் இருக்கும். நம்பாத. நம்மகிட்ட இருக்கறதுதான் கிளியர் பிரிண்ட்."