தெர்மாகோல் திணை

வாழ்க்கையை அகம், புறம் என்று பகுத்துவைத்த தொல்லாசிரியர்கள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு முந்தின இரவு இரண்டில் எதில் சேரும் என்று சொல்லாமல் போய்விட்டார்கள். வீட்டுக்குள் நடப்பதால் அது அகம். சண்டை நடப்பதால் புறம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆய்வுக் களம்: திருநெல்வேலி டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை, பெருமாள்புரம் வட்டாரங்களில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளின் முன்கூடம்.

முதலில் முதற்பொருள். நிலம், தாமிரபரணி பாயும் வயலும் வயல் சார்ந்த இடமும், ஆகவே மருதம். வயலை மனையாக்கி வீடு கட்டிவிட்டதால் திணை மாறிவிடாது. பொழுதுதான் இடிக்கிறது. வேலை மும்முரமாவது யாமத்தில், அதுவோ குறிஞ்சிக்கு உரியது. நல்லவேளையாக, உரிப்பொருள் அல்லாதவை ஒன்றோடொன்று மயங்கலாம் என்று தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார். போதாததற்கு வேலை வைகறை வரை இழுப்பதால் மருதத்தின் சொந்தப் பொழுதும் வந்து சேர்ந்துவிடுகிறது. கருப்பொருள்களில் தெய்வம் யூடியூப். உணவு ஆறிப்போன தோசை. தொழில் வெட்டலும் ஒட்டலும். பறை, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும் ஓசை.

உரிப்பொருளில் மட்டும் மயக்கமே இல்லை. மருதத்துக்கு ஊடல். சான்று வருமாறு:

"மூணு நாளைக்கு முன்னாலயே டைரியில எழுதி விட்டிருக்காங்க. பாத்தியளா?"

"எங்கிட்ட யாரு சொன்னா?"

"நான் சொன்னேம்லா. கிரிக்கெட் பாத்துக்கிட்டே தலையாட்டினிய."

இனி வரலாறு. ராமன் விளைவு கண்டறியப்பட்ட 1928 பிப்ரவரி 28ஐ நினைவுகூர்ந்து தேசிய அறிவியல் நாள் கொண்டாடப்படத் தொடங்கியது 1987இல். கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டி மாவட்ட அறிவியல் மையம் வந்ததும் அதே 1987இல்தான். ஆக, நெல்லைத் தகப்பன்மாரின் தூக்கம் கெடத் தொடங்கிய ஆண்டு எது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் வயதைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருது ஆறாம் வகுப்பிலிருந்துதான். தமிழக அரசு 2022இல் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரை. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பத்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். அறிவியல் ஆறாம் வகுப்பையொட்டித்தான் தொடங்குகிறது என்பதில் அரசுகள் ஏறத்தாழ ஒருமித்திருக்கின்றன. தெர்மாகோலோ எல்.கே.ஜி.யிலேயே தொடங்கிவிடுகிறது. இந்த இடைவெளியை இட்டு நிரப்பத்தான் பெற்றோர் படைக்கப்பட்டிருக்கிறார்கள்.

மாதிரிகளில் எண்ணிக்கையால் முதலிடம் எரிமலைக்கு. இந்தியாவில் இன்றும் உயிர்ப்போடு இருக்கும் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு ஒன்றுதான். நெல்லைப் பிள்ளைகள் தினமும் கண்ணால் பார்ப்பது பொதிகை மலையை. பொதிகையை ஒரு பிள்ளையும் செய்வதில்லை. அது நுரை தள்ளாது என்பது காரணமாக இருக்கலாம். வெளிநாட்டுக் காணொளி வினிகர் ஊற்றச் சொல்லும். ராத்திரி பதினொரு மணிக்கு வினிகருக்கு எங்கே போவது? புளியங்குடிச் சந்தையிலிருந்து வந்த எலுமிச்சை இரண்டு வீட்டில் கிடக்கும். பழத்தின் புளிப்பும் ஆப்பசோடாவும் சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் நுரை நிற்கும், குங்குமம் போட்டால் தீக்குழம்பு. சிலர் அவசரத்தில் மலைக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பார்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துக் குழி பறித்துவிடும். இப்படி மூன்று வாய் கொண்ட எரிமலைகளும் களத்தில் உண்டு.

இது மாதிரிதான், சோதனை இல்லை. சோதனையை நடத்துவது அடுக்களையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி. "எலுமிச்சையை விட்டுப் பாரு, புளித்தண்ணி விட்டுப் பாரு, மோர் விட்டுப் பாரு, எதுல ஜாஸ்தி பொங்குதுன்னு சொல்லு" என்று பேத்தியிடம் மூன்று டம்ளரையும் ஒரே அளவு சோடாவையும் கொடுத்துவிடுவாள். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்பதற்குமேல் ஆய்வுமுறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மூன்று டம்ளர் மேசையில் எடுப்பாக இராது என்பதால் வீட்டுக் குழு அதை நிராகரித்துவிடும்.

அடுத்து நீர்மின் நிலையம், இம்மண்ணுக்கே உரிய மாதிரி. பாபநாசத்தில் 1944 முதல் தாமிரபரணித் தண்ணீர் உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கிச் சுழலியைச் சுற்றி மின்சாரம் தருகிறது. முன்கூடத்தில் அதற்கு ஈடாக ஒரு செம்பு, ஐஸ்கிரீம் கரண்டி செருகிய சக்கரம், உடைந்த பொம்மைக் காரின் மோட்டார், ஒரு சிவப்பு எல்.இ.டி. பல்பு. தண்ணீரை ஊற்றினால் சக்கரம் சுற்றும், பல்பு எரியாது. சிவப்பு எல்.இ.டி. எரியச் சற்றேறக்குறைய 2 வோல்ட் வேண்டும். மெதுவாகச் சுற்றும் பொம்மை மோட்டாரிலிருந்து அது வராது. செம்பை உயர்த்திப் பிடித்தால் என்ன ஆகும், சக்கரத்தைச் சிறிதாக்கினால் வேகம் கூடுமா என்று பிள்ளை கேட்கும். கேள்வி சரியானது, பொறியாளர்களும் அதைத்தான் கேட்டார்கள், அதனால்தான் மலைக்குப் போனார்கள். அப்பாவுக்கோ மணி ஒன்றரை. அட்டைக்கு அடியில் பேட்டரியை ஒளித்து, ஓரத்தில் ஒரு சுவிட்சை வைத்து, "தண்ணி ஊத்தும்போது இத அமுக்கிரு" என்று சொல்லிவிடுகிறார். உலகிலேயே பேட்டரியில் ஓடும் ஒரே நீர்மின் நிலையம் இப்படித்தான் எழுகிறது.

நீர் வடிகட்டிக்குச் சரளை, கரி, மணல் வேண்டும். தாமிரபரணி மணல் விஷயத்தில் தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010இல் தடை போட்டது. அது லாரிக்கு, ஒரு சிரட்டை மணலுக்கு இல்லை என்று தாத்தா விளக்கம் தருவார். சூரியக் குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2006இல் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். கடையில் உருண்டை ஒன்பதாகவே கிடைக்கிறது. 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' மாதிரியும் அப்படித்தான். 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டுக்கும் குவளைக்கும் தமிழகத்தில் தடை. அந்தச் செய்தி நீலச் சார்ட் பேப்பர் ஒட்டிய தெர்மாகோல் பலகையில்தான் எழுதப்படுகிறது.

ஒரு மாதிரியை உண்மையில் செய்தது யார் என்று கண்டறிய நம்பகமான முறை ஒன்று இவ்வாய்வில் கிடைத்தது. ஃபெவிகால் விரலில் காய்ந்ததும் மெல்லிய தோலாகும். அதை ரேகை அச்சோடு முழுசாக உரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது குழந்தைப் பருவத்தின் பெரும் இன்பங்களில் ஒன்று. காலையில் பள்ளி வாசலில் யார் விரலை உரித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும். பெரும்பாலும் ஹெல்மெட் மாட்டியவர்கள்தான் உரிக்கிறார்கள். இதிலிருந்து ஒரு விதியை வகுக்கலாம்: பிள்ளையின் வகுப்பு குறையக் குறைய மாதிரியின் நேர்த்தி கூடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கொண்டுவரும் இதயத்தில் நான்கு அறையும் வால்வும் அச்சுப் பிசகாமல் இருக்கும். ஐந்தாம் வகுப்புக்காரன் மாதிரி கோணலாக இருக்கும், ஏனெனில் அவன் அப்பாவிடம் சொல்லவே இல்லை.

போக்குவரத்து தனி இயல். தெர்மாகோலில் 98 விழுக்காடு காற்று. டவுனிலிருந்து பாளையங்கோட்டைப் பள்ளிக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். சுலோசன முதலியார் பாலத்தில் வீசும் காற்று தன் சொந்தக்காரனைக் கண்டதுபோல் மாதிரியைப் பிடித்து இழுக்கும். 1843இல் முதலியார் தம் கைக்காசைப் போட்டுக் கட்டிய பாலம் அது. பொதுக் காரியத்துக்குக் கைக்காசு போடுவது இந்த ஊரில் நெடுநாள் வழக்கம் என்பதை ஃபேன்ஸி ஸ்டோர் பில்லும் உறுதிசெய்கிறது.

கண்காட்சிக் கூடத்தில் பிள்ளை "குட் மார்னிங், மை நேம் இஸ்" என்று தொடங்கி மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். நடுவர் நடுவில் கேள்வி கேட்டால் பிள்ளையின் கண் தூணோரம் நிற்கும் அம்மாவைத் தேடும். அம்மாவின் உதடு அசையும். சில சமயம் பேட்டரி தீர்ந்திருக்கும். செம்பு காலியாகியும் பல்பு எரியாது. "ஏம்மா எரியல?" என்று நடுவர் கேட்பார். "தண்ணி மேல இருந்து வேகமா விழணும் சார். இது மெதுவா விழுது" என்று பிள்ளை சொல்லும். ஒப்பித்த உரையில் இந்த வரி கிடையாது. நடுவர் 'இயங்கவில்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்வார்.

பரிசளிப்புக்குப் பிறகு மாதிரிகள் பரணுக்குப் போகின்றன. அங்கே எல்லாம் அழிந்துவிடுவதில்லை. எரிமலைகளுக்கு மறுபிறவி உண்டு. டவுனில் சில வீடுகளில் அவை நவராத்திரிக் கொலுவில் பொதிகையாகி, அடிவாரத்தில் அகத்தியரை ஏற்றுக்கொள்கின்றன. பாளையங்கோட்டையில் டிசம்பர் பிறந்ததும் வைக்கோல் தூவிக்கொண்டு கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் பெத்லகேம் மலையாக நிற்கின்றன. உச்சியிலுள்ள ஓட்டையை மட்டும் பஞ்சு வைத்து அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தம்பி எலுமிச்சம்பழத்தோடு வந்துவிடுவான்.