ஏர்லாக் குறட்டை: ஒரு கொங்கு வகைப்பாடு

குறட்டை என்பது எழுப்புகிறவருக்கு மட்டும் கேட்காத ஒலி. கொங்கு நாட்டில் அது மூன்று வகைப்படும். முதலாவது தறிக் குறட்டை. சோமனூர் விசைத்தறிபோல் விடியும்வரை ஒரே சீராக ஓடும். இரண்டாவது போர்வெல் குறட்டை. பாறையைத் தொட்டதும் சுருதி மாறும், அக்கம்பக்கம் விழித்துக்கொள்ளும். மூன்றாவது ஏர்லாக் குறட்டை. குழாயில் காற்று அடைத்த கிணற்று மோட்டார்போல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும், பிறகு ஒரு திணறலோடு மறுபடி பிடிக்கும். முதல் இரண்டும் பெரும்பாலும் கேட்பவருக்குத் தொல்லை. மூன்றாவது தூங்குபவருக்கே ஆபத்து. மருத்துவர்கள் அதை ‘ஸ்லீப் ஆப்னியா’ என்பார்கள்.

இதன் இயக்கத்தைத் தோட்டக்காரர்களுக்கு விளக்கப் படம் வேண்டியதில்லை. கம்பிச்சுருள் இல்லாத ஹோஸை உறிஞ்சுகுழாயாக மாட்டினால், மோட்டார் இழுக்கும்போது அது சப்பையாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்தவருக்கு நடப்பதும் அதுவே: நெஞ்சு இழுக்கிறது, காற்று வருவதில்லை. மூச்சு நிற்பதோ குறைவதோ 10 வினாடி நீடித்தால் ஒரு தடவை எனக் கணக்கு. மணிக்கு 5 முதல் லேசு, 15 முதல் நடுத்தரம், 30 முதல் கடுமை. மூளை பெரும்பாலும் ஆளை உலுக்கி மூச்சுவிட வைக்கிறது. காலையில் ஆளுக்கு எதுவும் நினைவிருப்பதில்லை.

ஆகவே முதல் எதிர்வினை மறுப்பு: “நானுங்களா? ராத்திரி பூரா கண்ணே மூடலீங்க.” அப்பத்தாவின் தீர்ப்பு வேறு: “ஒழைச்ச ஒடம்பு, அசந்து தூங்குது.” நம்பத்தக்க சாட்சி மனைவி ஒருவரே. கரண்ட் போய்த் தறி நின்றால் விழித்துக்கொள்ளும் சோமனூர்க்காரரைப்போல், அவரும் சத்தம் நின்றதும்தான் விழிக்கிறார். முழங்கையால் ஓர் இடி, “ஏனுங், திரும்பிப் படுங்க.” இவ்வைத்தியத்தில் உண்மை உண்டு. மல்லாந்து படுப்பதைவிட ஒருக்களித்துப் படுத்தால் பலருக்கு அடைப்பு குறையும். பனியனின் முதுகில் டென்னிஸ் பந்து தைக்கும் பழைய உத்தியின் அடிப்படையும் இதுவே. திருப்பூர் இன்னும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பகல் அறிகுறியான தூக்கக் கலக்கத்தை அளக்க மெல்போர்னைச் சேர்ந்த மர்ரே ஜான்ஸ் 1991-இல் எப்வொர்த் அளவுகோலை வெளியிட்டார். 8 சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண். மொத்தம் 10-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கல்யாண மண்டப நாற்காலியில் கண் அயர்வது நோயா, மரபா என்பது இன்னும் தீராத வழக்கு. அவினாசி ரோடு சிக்னலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அயர்வது நோய் என்பதில் வழக்கே இல்லை.

எடையைக் குறைப்பதும், படுக்குமுன் மதுவைத் தவிர்ப்பதும் உதவும். முதன்மையான சிகிச்சை, மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்தே வைக்கும் சீபேப் கருவி. அதைச் சிட்னியின் காலின் சல்லிவன் குழு 1981-இல் அறிவித்தது. ஆக, மோட்டார் கோளாறுக்கு மருந்தும் மோட்டாரே. ஆனால் நள்ளிரவில் கிணற்று மோட்டார் நின்றால் டார்ச்சோடு ஓடுகிறவர், தன் தொண்டை நின்றால் “அப்பறம் பாத்துக்கலாமுங்க” என்கிறார். முகமூடியோடு படுத்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பது அடுத்த தடை.

அத்தடையும் நீங்கிக் கருவி மாட்டிய முதல் இரவில் வீடு நிசப்தமாகிறது. அன்று தூங்காதவர் மனைவி. சத்தம் நின்றால் விழித்தே பழகிய காது அது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று விடியும்வரை கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.