பட்டன் போன்காரர்

எல்லாத் தெருவிலும் இவர் ஒருவர் இருக்கிறார். சட்டைப்பையில் பழைய நோக்கியா. பின்மூடி கழன்று விழாமலிருக்க ஒரு ரப்பர் பேண்ட். அழுத்தி அழுத்தி எண்கள் அழிந்துபோன பட்டன்கள். ஐந்து எது, எட்டு எது என்று அவர் கட்டைவிரலுக்கு மட்டும்தான் தெரியும். யாராவது நம்பர் கேட்டால் சொல்லிவிட்டு, "வாட்ஸப்பெல்லாம் கெடையாது" என்று கூடவே சொல்வார். கேட்டவர் வாட்ஸப்பைப் பற்றி மூச்சே விட்டிருக்க மாட்டார். பந்தியில் உட்கார்ந்ததும், "நான் வெங்காயம் பூண்டு சேர்க்கிறதில்ல" என்று நாலு இலைக்குக் கேட்கும்படி அறிவிப்பவரின் அதே குரல்.

போனைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும். "ஸ்ரீபெரும்புதூர்ல 2006ல நோக்கியா ஃபேக்டரி ஆரம்பிச்சான். 2014ல மூடிட்டான். ஃபேக்டரி போயிடுச்சு, என் போன் போச்சா?" என்பார். ஆலை மூடியதில் வேலை இழந்தவர்களின் வருத்தம் அதில் இருக்காது. ஒரு பன்னாட்டு நிறுவனத்தைத் தனியாளாக ஜெயித்த திருப்திதான் இருக்கும்.

அவர் பேசும் முறையே தனி. 1995இல் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு நாட்டின் முதல் செல்போன் அழைப்பைச் செய்த காலத்தில், வருகிற அழைப்புக்கும் காசு. 2003இல்தான் அந்தக் கட்டணம் ஒழிந்தது. இவருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. "சொல்லு. சரி. வை." முடிந்தது. மகள் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டாலும் இதே மூன்று சொற்கள்தான். ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு மிஸ்டு கால், பஸ் தாமதமென்றால் இரண்டு. இந்தச் சங்கேதம் மனைவிக்கு மட்டுமே புரியும். சில சமயம் மனைவிக்கும் புரியாது.

"மனுஷன் மொபைலுக்கு அடிமையா இருக்கக் கூடாது" என்பது அவர் கொள்கை. இருக்கவும் மாட்டார். அவருக்காக மற்றவர்கள் இருப்பார்கள்.

மருத்துவமனைக்குப் போக வேண்டும். அலுவலகத்தில் இருக்கும் மகனைக் கூப்பிட்டு, "ஒரு டாக்சி போட்டுக் குடுப்பா" என்பார். மகன் மீட்டிங்கில் உட்கார்ந்து மேசைக்கடியில் டாக்சி போடுவான். ஓட்டுநர் அவனைத்தானே கூப்பிடுவார்?

"சார், எங்க நிக்கிறீங்க?"

"நான் நிக்கலைங்க, எங்கப்பா நிக்கிறார். வெள்ளைச் சட்டை."

"இங்க நாலு பேரு வெள்ளைச் சட்டைல நிக்கிறாங்க சார்."

"கையில பட்டன் போன் இருக்கும் பாருங்க."

"அதுவும் ரெண்டு பேரு கையில இருக்கு சார்."

இதற்குள் அப்பா, வண்டி எந்தப் பக்கம் வருமோ என்று சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போயிருப்பார். ஒருவழியாக ஏறி உட்கார்ந்ததும் ஓ.டி.பி. கேட்பார்கள். அது மகனிடம் இருக்கிறது. மகனுக்குத் திரும்ப ஒரு போன். வண்டி நகர்ந்ததும், ஓட்டுநரின் முன்னால் பொருத்தியிருக்கும் ஸ்மார்ட்போனைப் பார்த்து, "கண்ணுக்குக் கெடுதல் தம்பி" என்று அறிவுரை தொடங்கும்.

ஓ.டி.பி. விஷயத்தில் குடும்பத்தின் கடிவாளமும் அவர் கையில்தான். வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் என எல்லாவற்றிலும் பதிவாகியிருப்பது அவருடைய பட்டன் போன் எண். மருமகள் லேப்டாப்பில் வரி கட்ட உட்கார்ந்தால், "மாமா, நம்பர் வந்திருக்கா பாருங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். வந்திருக்காது. போனின் மூலையில் ஒரு சின்ன உறை சிமிட்டிக்கொண்டிருக்கும்: பெட்டி நிறைந்துவிட்டது. ஏதாவது ஒன்றை அழித்தால்தான் புதியது உள்ளே வரும். எதை அழிப்பது? 2011 பொங்கலுக்குச் சம்பந்தி அனுப்பிய வாழ்த்தையா? அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து முடிப்பதற்குள், திரையில் நேரம் முடிந்துபோகும்.

கடையில் இன்னொரு காட்சி. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார், சில்லறை இல்லை என்பார்கள். உடனே பக்கத்தில் நிற்பவரிடம், "நீங்க ஜி-பே பண்ணிடுங்க, நான் கையில குடுத்துடறேன்." கொடுத்தும் விடுவார், காசில் சுத்தம். ஆனால் பட்டன் போனுக்கென்றே 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி யு.பி.ஐ. 123பே என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இணையம் வேண்டாம், ஒரு எண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லியே பணம் அனுப்பலாம் என்று அவரிடம் யாராவது சொன்னால், முகம் சுருங்கிவிடும். "அதெல்லாம் ரிஸ்க்." பிரச்சினை ரிஸ்க் அல்ல. அதையும் செய்துவிட்டால் அப்புறம் அவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு அவர்தான் முதலில் போய்ச் சேருவார். "லொகேஷன் அனுப்பறேன்" என்றால், "அதெல்லாம் வேண்டாம், வழியச் சொல்லு" என்று கேட்டு, பெட்ரோல் பங்க், ரேஷன் கடை, வேப்பமரம் என்று மனதில் குறித்துக்கொள்வார். மேப்பை நம்பிய நாம் மண்டபத்தின் பின்சுவரை முட்டிக்கொண்டு நிற்கும்போது அவர் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருப்பார். ஓட்டலில் மேசைமேல் ஒட்டிய கட்டத்தை ஸ்கேன் பண்ணச் சொன்னால், "என்னப்பா சூடா இருக்கு?" என்று சர்வரையே கேட்பார். சர்வர் ஒப்பிப்பதைக் கேட்டுப் பக்கத்து மேசைக்காரர்களும் திரையை மூடிவிட்டு அடை அவியல் சொல்வார்கள். முப்பது போன் நம்பர் மனப்பாடமாகத் தெரியும். நமக்கு நம் மனைவியின் எண்கூடத் தெரியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையே இருண்டு கிடந்தபோதும் அவர் போனில் சார்ஜ் இருந்தது. டவர்தான் இல்லை. ஆனாலும் தலை நிமிர்ந்தே நடந்தார், டார்ச் எரிந்ததே!

இவருடைய நகலாக இப்போது ஓர் இளைய தலைமுறை கிளம்பியிருக்கிறது. வார இறுதிக்கு மட்டும் பட்டன் போன். "ரெண்டு நாள் ஆஃப்லைன்" என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு, அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்க ஆன்லைன் வருவார்கள். இவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, திங்கட்கிழமை சரியாகிவிடும்.

அசல் ஆசாமி மாலை ஆறு மணிக்கு நம் வீட்டுக்கு வருவார். "கிறிஸ்டோபர் நோலனே ஸ்மார்ட்போன் வெச்சுக்கிறதில்ல, தெரியுமோ?" என்பார். தெரியும், போன வாரம் நம் போனில்தான் அதைப் பார்த்தார். நோலனுக்கு உதவியாளர்கள் இருப்பார்கள், இவருக்கு நாம் இருக்கிறோம். சோபாவில் வசதியாகச் சாய்ந்துகொண்டு கையை நீட்டுவார்.

"செல்போன் பழக்கத்துலேர்ந்து எப்படி மீள்றதுன்னு ஒரு டாக்டர் பேசியிருக்காராமே, அதப் போடுங்க."

இருபது நிமிடம். இமைக்காமல் பார்ப்பார். முடிந்ததும், "அடுத்தது என்ன வருது பாருங்க."