அசனப் பந்தியும் மறுநாள் காலையும்

அசனப் பண்டிகை என்றால் எங்கள் தேரிக்காட்டுப் பக்கத்தில் விளக்கம் கேட்க மாட்டார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிறிஸ்தவ சபைகளில் ஆண்டுக்கு ஒருமுறை ஊர் கூடிச் சமைத்து, ஊர் கூடி உண்ணும் நாள் அது. அரிசி, தேங்காய், விறகு, பணம் என்று வீட்டுக்கு வீடு முடிந்ததைக் கொடுப்பார்கள். கோயில் காம்பவுண்டில் அடுப்பு வெட்டிப் பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் ஆகும். ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஜெபம் பண்ணி முடித்ததும் பந்தி. தரையில் ஒரே வரிசை. மேலத்தெருக்காரர் பக்கத்தில், சாதியால் ஒதுக்கப்பட்ட கீழத்தெருக்காரர் உட்காருவார்.

1960-களில் நான் சிறுவன். எங்கள் ஆச்சி பக்திக்காரி. உலையில் அரிசி போடும் முன்பு ஒரு கைப்பிடி எடுத்துக் கோயில் கலயத்தில் போடுவாள். வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அந்தக் கைப்பிடி குறையாது. மாதக் கடைசியில் கோயில் பணியாளரான கோயில்பிள்ளை வந்து வாங்கிப் போவார். எங்கள் பக்கத்துக் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் எழும்பியவை அல்ல. இப்படிப்பட்ட பெண்களின் கையரிசியும் அவற்றில் இருக்கிறது. இரவு குடும்ப ஜெபம் முடியாமல் யாருக்கும் சோறு கிடையாது. வேதத்தை நான் அறிந்தது அவள் மடியில் உட்கார்ந்துதான். இதை முழு மனதோடு சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர் கீழத்தெருக்காரர். எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். அசனத்தன்று ஆச்சியின் மகன்களுக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்து அவர் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் வேலைக்கு வந்தவர் வழக்கம்போலக் கொல்லைப் பக்கம் வந்து நின்றார். மாட்டுத்தொழுவத்துக் கூரையில் அவருக்கென்று ஒரு சிரட்டை செருகியிருக்கும். அவரே அதை எடுத்துக் கழுவி இரண்டு கையாலும் ஏந்துவார். ஆச்சி செம்பை உயரத் தூக்கிக் கஞ்சி ஊற்றுவாள். செம்பு சிரட்டையில் பட்டுவிடக் கூடாது. "ஏய், இன்னிக்கு மேலப்பாத்திக்குத் தண்ணி பாய்ச்சிரு" என்பாள். "சரிம்மா" என்பார். அவர் ஆச்சியைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் இருவரும் ஒரே கிராதியில் முழங்காலிடுவார்கள். ஐயர் நீட்டும் ஒரே பாத்திரத்தில் இருவர் வாயும் படும். ஆச்சி முதல் வரிசையில் போய்விடுவாள். அவர் கடைசியில் போவார். வரிசை இப்படித்தான் போக வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, மாறியதும் இல்லை.

சாப்பாட்டு இடத்தில்தான் விசுவாசம் இடறும் என்பது சபை பிறந்த நாளிலிருந்தே உள்ள சங்கதி. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. நம் நாட்டில் 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கோயிலை விட்டார்கள், சாதியை விடவில்லை. எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் எழுந்து, எங்களுக்கு நண்பர்களாக இருங்கள் என்று வெள்ளைக்காரர்களைக் கேட்டார். இந்திய ஊழியர்களோடு ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடாத மிஷனரிகள் இருந்த காலம். இரண்டு ஆண்டு கழித்து அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அந்தப் பெருமையை எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் பேசுவோம். அவர் கேட்ட அந்த நட்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

எங்கள் ஊரில் ஒருவர் மட்டும் அதன்படி நடந்தார். உபதேசியார். சைக்கிளில் வந்து தெருத்தெருவாக ஜெபம் பண்ணுவார். கீழத்தெருவில் ஜெபம் முடிந்ததும், "என்ன வச்சிருக்கீங்கம்மா, பசிக்குது" என்று தாமே கேட்பார். கருவாட்டுக் குழம்பும் சோறுமாக அவர்கள் தட்டில், அவர்கள் பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார். சேதி மேலத்தெருவுக்கு வந்ததும் இரண்டு பெரிய வீடுகளில் அவருக்குச் சாப்பாடு நின்றது. அவர் பிரசங்கத்தில் ஒரு நாளும் இதைப் பற்றிப் பேசியதில்லை. கீழத்தெருவில் சாப்பிடுவதை நிறுத்தவும் இல்லை. நான் கேட்ட எந்தக் கன்வென்ஷன் பிரசங்கத்தைவிடவும் அந்தச் சாப்பாடு எனக்கு மேலானது.

இப்போது சிரட்டை எங்கும் இல்லை. ஆச்சியின் பேரன் பேத்திகள் சென்னையில், பெங்களூரில், வளைகுடாவில் இருக்கிறார்கள். வேதாகமம் கைப்பேசியில். காணிக்கையும் கைப்பேசியில். ஊர் அசனத்துக்கு உறவினர் ஒருவர் அனுப்பும் தொகை, ஆச்சியின் ஆயுள் முழுவதும் சேர்ந்த கைப்பிடி அரிசியைவிடப் பெரிது. அவருடைய குடியிருப்பில் வீட்டுவேலை செய்கிறவர்களுக்குத் தனி லிஃப்ட். அவர் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, சோப்புக் கட்டியின் பக்கத்தில், ஒரு தட்டும் ஒரு தம்ளரும் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. வேலைக்கு வரும் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

கல்யாணப் பேச்சில் சாதி இன்னும் வெளிப்படை. "சி.எஸ்.ஐ., நம்ம ஆளுக, ஜெபிக்கிற பிள்ளையா வேணும்" என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இதே சபைகள்தான் சாதிக் கொடுமையைச் சொல்லி அரசாங்கத்திடம் நியாயம் கேட்கின்றன. 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்காமல் விட்டது. சீக்கியர்களுக்கு 1956-இலும் பௌத்தர்களுக்கு 1990-இலும் கிடைத்தது இவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. சபைகள் அந்தத் தேதியைக் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. நியாயமான கோரிக்கை, நானும் கூட நிற்பவன். ஞானஸ்நானம் பெற்ற பிறகும் சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதுதான் அந்தக் கோரிக்கைக்கு ஆதாரம். அதைத் தொடர வைப்பது யார்? அரசாங்கத்திடம் நாம் காட்டும் சாட்சி, நம் வீட்டுச் சம்பந்தப் பேச்சிலேயே இருக்கிறது.

சென்ற முறை அசனத்துக்குப் போனபோது சோறும் குழம்பும் அதே ருசியில் இருந்தன. பந்தியில்தான் ஆள் குறைவு. காரில் வந்தவர்கள் வாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். வெயில், நேரமில்லை, முட்டி வலி என்று காரணங்கள் உண்டு. அவையெல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஆச்சி காலத்தில் ஆண்டில் ஒரு நாளாவது கீழத்தெருப் பெரியவரின் தோளுரச மேலத்தெரு உட்கார்ந்தது. அந்த ஒரு நாளும் கைநழுவிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

கிறிஸ்தவ வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டே. அடுத்த அசனத்தில் வாளியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், பந்தியில் உட்காருங்கள். அதற்கு முன்பாக, நாளைக் காலையிலேயே, தொட்டிக்குக் கீழே இருக்கும் தட்டை எடுத்து உங்கள் தட்டுகளோடு அடுக்குங்கள். வேலைக்கு வருகிறவரை "வாங்கம்மா, உட்காருங்க" என்று அழைத்து, கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.