அம்பத்தூர் சமஸ்தானத்தின் ராஜா காலம்

பாடப் புத்தகத்தை நம்பினால், சென்னையின் மேற்கு ஓரத்தில் சரித்திரம் எட்டிப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. தேபர் தலைமை வகித்தார், நேரு பேசினார், 'சோஷலிச பாணி சமுதாயம்' அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள், கை தட்டினார்கள், ரயிலேறிப் போய்விட்டார்கள். தீர்மானம் மட்டும் ஆவடியிலேயே தங்கிவிட்டது. அமல்படுத்த ஆள் வேண்டுமே!

அந்த ஆளுக்கு அப்போது வயது 11. தேனிப் பக்கம் பண்ணைப்புரத்தில் ராசய்யா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடுகிறவர். தம்பியும் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் போனார். எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைப்பது எப்படி என்று அங்கே கேட்டது காதில் விழுந்திருக்கும்.

1976-ல் 'அன்னக்கிளி'. பஞ்சு அருணாசலம் வாய்ப்பும் கொடுத்து, ஏற்கெனவே ஏ.எம். ராஜா இருப்பதால் பெயருக்கு முன்னால் ஓர் 'இளைய'வும் போட்டுக் கொடுத்தார். முதல் ஒலிப்பதிவு தொடங்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. சகுனம் சரியில்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள். அம்பத்தூர்க்காரர் ஒருவர் கூட இருந்திருந்தால் விசிறியை எடுத்துக்கொண்டு, "வரும்ப்பா, ட்ரான்ஸ்பார்மர்ல போயிருக்கும்" என்று சொல்லியிருப்பார். வந்தது. அதற்கப்புறம் பாடியிலிருந்து பூந்தமல்லி வரை அவர் கொடிதான்.

எந்த ராஜாவுக்கும் தளபதிகள் வேண்டும். இங்கே முதல் தளபதி மைக் செட்காரர். ஆடி மாதம் கூழ் ஊற்றும் அன்று விடிவதற்குள் எல்.ஆர். ஈஸ்வரி அம்மனை எழுப்பிவிடுவார். கூழ் அண்டா காலியானதும் ராஜா வந்துவிடுவார். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தாலே, கோயில் வரி கொடுக்காத வீடு எது என்று தெரிந்துவிடும். 1982-ல் 'தாய் மூகாம்பிகை'க்காக ராஜாவே பக்திப் பாட்டும் பாடி வைத்தது வசதியாகப் போனது. அம்மன் கோபித்துக்கொள்ள வழியில்லை.

ஆயுத பூஜைக்கு அம்பத்தூர் எஸ்டேட். லேத் மிஷினுக்குச் சந்தனம், ட்ரில்லிங் மிஷினுக்குக் குங்குமம், கேட்டில் வாழைக்கன்று, ரோட்டில் உடைந்த பூசணிக்காய், கையில் பொரி பொட்டலம். முதலாளிக்கும் கான்ட்ராக்ட் கூலிக்கும் போனஸ் வேறு வேறு. பாட்டு மட்டும் ஒன்று, சத்தமும் ஒன்று. தொழிலாளியோடு சேர்ந்து முதலாளியும் தலையாட்டினார். ஆவடி தீர்மானம் நிறைவேறிய ஒரே நாள் அதுதான். மறுநாள் காலை ஷிப்ட்டுக்குள் ரத்தாகிவிடும்.

இரண்டாவது தளபதி, கேசட் ரெக்கார்டிங் கடைக்காரர். துபாய் மாமா கொண்டுவந்த நேஷனல் பானசோனிக், அதற்கு டி.டி.கே. கேசட், இரண்டும் ஜப்பான் சரக்கு. அந்த ஊரில் யூமி மட்சுதோயா என்ற அம்மா 1972-லிருந்து தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி வருகிறார். ஜப்பான் அவரைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எங்களுக்கு வெறும் நாடாவை அனுப்பியது. நஷ்டமில்லை, நிரப்ப இங்கே ஆள் இருந்தார். 1985-ல் 'இதயக் கோவில்' படத்துக்கு அவர் பாட்டும் எழுதிப் பார்த்துவிட்டதால், மூன்று வேலையும் தெரிந்தவர் என்பதில் யூமி அம்மாவுக்குச் சளைத்தவர் இல்லை.

கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். காதல் ஏ சைடு, தோல்வி பி சைடு. கடைக்காரர் லிஸ்ட்டைப் படித்துவிட்டு ஆளை ஒரு பார்வை பார்ப்பார். அப்பாவுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். 60 நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி. கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தில் 'டக்'கென்று அறுந்துவிடும். அந்தப் பாட்டு அங்கேதான் முடிகிறது என்று நம்பியே கல்யாணம் பண்ணிப் பேரன் எடுத்தவர்கள் திருமுல்லைவாயிலில் இருக்கிறார்கள். முழுப் பாட்டையும் இப்போது யூடியூபில் போட்டுக் காட்டினால், "யாரோ சேர்த்திருக்கானுங்க" என்கிறார்கள்.

1992-ல் 'ரோஜா' வந்தது. ஆட்சி கவிழ்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. ஆட்டோ ஸ்டாண்டில் பத்திரிகை வாங்குவது ராசி பலனுக்காக மட்டும் என்பதால் சேதி போய்ச் சேரவில்லை. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது. ஷேர் ஆட்டோவில் பாடுகிறவர் மாறவில்லை.

2017-ல்தான் ராஜாவுக்குக் கப்பம் ஞாபகம் வந்தது. அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் போனது. சட்டப்படி நியாயமாகவே இருக்கட்டும். சி.டி.எச். ரோட்டில் அம்பத்தூர் ஓ.டி. முதல் ஆவடி செக்போஸ்ட் வரை ஒவ்வொரு டீக்கடைக்கும் அனுப்புவதாயிருந்தால், தபால் இலாகா தலைநிமிர்ந்துவிடும். நோட்டீஸ் கொண்டுவருகிற போஸ்ட்மேனும் ஒரு டீ சொல்லி, பாட்டு முடிகிற வரை நின்றுவிட்டுத்தான் போவார்.

2025 மார்ச்சில் லண்டனில் ராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. வெள்ளைக்காரர்கள் வாசிக்க, நம்மவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு கேட்டார்கள். எங்கள் ரெக்கார்டிங் கடைக்காரரிடம் அதைப் பதிந்து கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்கக்கூடியது இதுதான்: "சிக்ஸ்டில ஏத்துனா கடைசில அறுந்துடும் சார். நைன்ட்டி வாங்கிக்குங்க. மீதி இடத்துல நாலு சோகப் பாட்டு போட்டுத் தரேன்."